முன்னாள் படைவீரர் வீட்டுக்கு உதவப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்ற வீரர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பென்ஷன் காகிதங்களில் கூடமாட உதவுவது எனக்குச் சில வருடப் பழக்கம். இங்கே எழுதுபவற்றில் பல நானே செய்த தவறுகள். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனாலும் அவர்களை நோகடித்தது.

முதலில் விழா. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் அன்றுதான் ஓய்வு பெற்றார். நமக்கு அது போகி, இல்லாவிட்டால் பொங்கல். பேரப்பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கும் நாளில் அவர்களை மண்டபத்துக்கு இழுக்காதீர்கள், வேறொரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் நடத்திய ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானது. ஹவில்தாராக இருந்த ஒரு பெரியவர் வீங்கிய காலோடு இரண்டு மணி நேரம் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்த அரை நிமிடம்தான் ஆனது. மைக் அவர் பக்கமே போகவில்லை. இன்னும் எனக்கு அது உறுத்துகிறது.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று யாரையும் கேட்காதீர்கள், பிள்ளைகளையும் கேட்க விடாதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். துப்பாக்கி தூக்கிச் சண்டைக்குப் போனவர்தான் வீரர் என்ற எண்ணமும் தவறு. சமையல்காரர், டிரைவர், நர்சிங் அசிஸ்டென்ட், சிக்னல் பிரிவில் இருந்தவர் எல்லோரும் அதே பனியில் நின்றவர்கள்தான். சியாச்சினில் சமைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பில் பனிக்கட்டியை உருக்கித்தான் குடிக்கத் தண்ணீர், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது என்று அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் "கேன்டீன் சரக்கு ஒண்ணு கிடைக்குமாண்ணே?" என்று கேட்கிறார்கள். வேண்டாம், அது மனதை வலிக்கச் செய்யும்.

முன்னாள் படைவீரர் என்றால் வயதானவர் என்றும் நினைத்துவிடுகிறோம். சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து பதினேழு வருடத்தில் வெளியே வந்துவிடலாம். அப்போது வயது நாற்பதுகூட இருக்காது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அவருக்குத் தேவை அடுத்த வேலைக்கு ஒரு வழி.

இனி காகிதத்துக்கு வருகிறேன். உதவி என்றதும் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பல வீடுகளில் குறை அரிசியில் இல்லை, பி.பி.ஓ.வில் இருக்கிறது. பென்ஷன் ஆணையைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

எண்பத்து மூன்று வயது அம்மா ஒருவர். கணவர் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கட்டிலுக்கு அடியில் பச்சை டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய ராணுவ எண். உள்ளே மஞ்சள் பையில் டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்தை விட்டு வரும்போது தரும் பணிப் பதிவுப் புத்தகம்), பி.பி.ஓ., பழைய மணியார்டர் ரசீதுகள். குடும்ப பென்ஷன் வாங்குபவர்களுக்கு 80 வயது முடிந்ததும் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும், 85-ல் அது 30 சதவீதம். இவருக்கு வரவில்லை. ஆவணத்தில் பிறந்த தேதியே ஏறவில்லை. பெயரும் இடித்தது: ராணுவப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வேறு.

அங்கே இரண்டு தவறு செய்தேன். அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் மகனிடமே கேட்டேன். பிறகு ஜெராக்ஸ் எடுக்கவென்று டிஸ்சார்ஜ் புக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், மறுநாள்தான் திருப்பிக் கொடுத்தேன். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்று மருமகள் சொன்னார். ஒரிஜினல் அவர்கள் வாசலைத் தாண்டக்கூடாது. போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிபார்த்துவிட வேண்டும். பிழை இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு, அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். அவர் போன பிறகு அதே திருத்தத்துக்கு அந்தப் பெண் அலைய வேண்டும்.

உயிர்வாழ் சான்றிதழ் வருடா வருடம் தர வேண்டியது. வயதானவர்களை வரிசையில் நிறுத்தாதீர்கள், தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார், செல்போனில் முகத்தைக் காட்டியும் செய்யலாம். ஆனால் ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தின் பாஸ்வேர்டை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளக்கூடாது. ஓ.டி.பி.யைத் தட்டுவது அவர்களோ வீட்டாரோ ஆகட்டும். இன்று நம்மிடம் ஓ.டி.பி. சொல்லப் பழகினால் நாளை ஏமாற்றுக்காரன் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். "பணம் வந்துடும்" என்ற வார்த்தையும் வேண்டாம், "எழுதிப் போட்டிருக்கோம்" என்று சொல்லுங்கள்.

பென்ஷனே இல்லாத முன்னாள் வீரர்களும் இருக்கிறார்கள், இது பலருக்குத் தெரியாது. ஹவில்தார் பதவியிலோ அதற்குக் கீழோ இருந்து, 65 வயது கடந்து, வறுமையில் இருப்பவர்களுக்கு மத்திய படைவீரர் வாரியத்தின் உதவித்தொகை உண்டு. 1949 முதல் டிசம்பர் 7 அன்று கொடிநாளுக்குத் திரட்டும் பணம் இதற்கெல்லாம்தான் போகிறது. அந்தச் சின்னக் கொடியை வேண்டாவெறுப்பாக வாங்கிக் கசக்கிப் போடாதீர்கள்.

அவர்களை உதவி பெறுபவர்களாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. எங்களோடு வரும் சுபேதார் ஒருவர் விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் பையன்களை ஆள்சேர்ப்புக்கு ஓட வைக்கிறார். இந்தியில் வரும் கடிதங்களை அவர்தான் எங்களுக்குப் படித்துச் சொல்கிறார். கூப்பிட்டது நாங்கள் இல்லை, அவராகவே வந்தார். நாங்கள்தான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நிலுவையோடு பணம் வந்தது. சேதி சொல்லப் போன அன்று அவரே பெட்டியை இழுத்துத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கை என் கையில் கொடுத்து, "இதுல என்னதான் எழுதிருக்கான் கண்ணு?" என்று கேட்டார். கணவர் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறார், யாரும் படித்துக் காட்டியதில்லை. சேர்ந்த தேதி, இருந்த இடங்கள், பதக்கங்கள் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். நடத்தை என்ற இடத்தில் 'எக்செம்ப்ளரி' என்று மையில் எழுதியிருந்தது. "மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருந்தார்னு போட்டிருக்காங்கம்மா" என்றேன்.

"இன்னொரு தபா படி" என்றார்.