காரின் மைலேஜ் குறைந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிப்பதாகத் தோன்றியவுடன் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், சென்சார் என்று ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்குவோர் பலர். செலவு ஏறிக்கொண்டே போகும். குறையோ அப்படியே இருக்கும். முதலில் அளக்க வேண்டும். பிறகு காசு செலவில்லாத சோதனைகளை முடிக்க வேண்டும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரையும் ஸ்பேனரையும் அதன் பின்னரே கையில் எடுக்க வேண்டும். ஆனால் காரின் அருகில் பெட்ரோல் வாடை அடித்தால் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அது கசிவாக இருக்கலாம், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி.

அளப்பதற்கு டேஷ்போர்டில் தெரியும் சராசரியை நம்ப வேண்டாம். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதைக் கொண்டு கணினி போடும் கணக்கு அது. கசிந்து போகும் எரிபொருள் அதில் சேராது. பம்ப் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் பெரும்பாலும் காலியாகும் வரை ஓட்டியபின், அதே பம்பில் அதே முறையில் மீண்டும் நிரப்புங்கள். 480 கிலோமீட்டர் ஓடி 32 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். பம்ப் நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும் என்பதால், மூன்று டேங்குகளின் சராசரியைக் கொள்வது நல்லது.

உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் ஓட்டம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடேறும் வரை அதற்குக் கூடுதல் எரிபொருள் தேவை. ஆகவே தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார், பழுது எதுவும் இல்லாமலேயே நிறையக் குடிக்கும். கூரையில் மாட்டிய கேரியர், நெரிசலில் ஏ.சி.யுடன் நிற்கும் நேரம், எத்தனால் கூடுதலாகக் கலந்த பெட்ரோல் ஆகியவையும் காரணமாகலாம். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு: அசல் அளவைவிடப் பெரிய டயர் மாட்டினால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்தே காட்டும், கணக்கில் மைலேஜ் விழுந்ததுபோல் தெரியும்.

அடுத்தது சக்கரங்கள். வண்டி சில மணி நேரம் நின்று டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதுவரை நிரப்பக் கூடாது.

காற்று சரியாக இருந்தால் பிரேக்கைச் சந்தேகியுங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டுமே சூடாக இருந்தால், ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கலாம். மற்றபடி, காலிப்பர் (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) நகர உதவும் பின்கள் காய்ந்திருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் இருக்கலாம். ஸ்டாண்டில் பத்திரமாகத் தூக்கி நிறுத்திய வண்டியில், இறுகிய சக்கரத்தின் பிளீடர் திருகை (பிரேக் எண்ணெயை வெளியேற்றும் திருகு) திறந்ததும் சக்கரம் தளர்ந்தால் ஹோஸ் போன்ற இடத்தில் அழுத்தம் அடைபட்டிருக்கிறது; தளராவிட்டால் காலிப்பர் பின்கள், பிஸ்டன் பக்கம் பாருங்கள். பின்களுக்குப் பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டுமே போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பிரேக் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் கண்டறிவதோடு நிறுத்திக்கொண்டு, சரிசெய்வதை மெக்கானிக்கிடம் விடலாம்.

சக்கரங்கள் தாராளமாகச் சுழல்கின்றன என்றால், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம். ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளாமல் எரிபொருளைத் தின்னும் பாகம் இதுதான் என்பது என் கருத்து. அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் இன்ஜின் உரிய சூட்டை எட்டாது. கணினியும் அதைக் குளிர்ந்த இன்ஜின் என்றே எண்ணி எரிபொருளைக் கூட்டித் தரும். வேகமாக ஓடும்போது வெப்பமுள் கீழே இறங்குவதும், ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வருவதும் இதன் அடையாளங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சாரைச் சோதிப்பது இன்னும் எளிது: இரவு முழுவதும் நின்ற காரில், இன்ஜினை இயக்குமுன் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் பெரிதும் விலகிக் காட்டினால் அந்தச் சென்சாரையோ வயரிங்கையோ பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினின் கணினி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைக் காக்க முயல்கிறது. அதற்காக அது செய்யும் திருத்தத்தை ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் என்ற பெயரில் சதவீதமாகக் காணலாம். கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பெரிதாக மைனஸில் நின்றால், எங்கோ எரிபொருள் மிகுதியாக வருகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், மிகையான எரிபொருள் அழுத்தம் போன்றவற்றைத் தேடுங்கள். பெரிதாகப் பிளஸில் நின்றால், கணினி எரிபொருளைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) பிளஸ் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) குறைந்தால், காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் பக்கம் கசிவு இருக்கலாம். இன்ஜின் வேகம் கூடக் கூடப் பிளஸ் ஏறினால் அழுக்கேறிய காற்றோட்ட சென்சாரையோ தளர்ந்த ஃபியூயல் பம்பையோ சந்தேகிக்கலாம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும், அங்கே கூடுதல் ஆக்சிஜனைக் கண்டு சென்சார் எரிபொருள் போதவில்லை என்று சொல்லும். கணினி வீணாக ஊற்றும். அப்போது சென்சாரை மாற்றுவது, செய்தி கொண்டுவந்த தூதனைத் தண்டிப்பதுபோல் ஆகும்.

மற்றவை சிறியவை. இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் காரில் அடைத்த ஏர் ஃபில்டர் பெரும்பாலும் இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகக் குறைக்காது. கார்புரேட்டர் வண்டியில்தான் அது பெரிய விஷயம். நிறுவனம் சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் மாற்றுங்கள். மேட்டில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. டீசல் காரில் புகைவடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சுழற்சி அடிக்கடி நடந்தால், அதற்கும் எரிபொருள் போகும்.

ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாது. ஸ்கேனர் குறியீடுகளை அழித்தபின் கணினி தன் திருத்தங்களைப் புதிதாகக் கற்க நாள் பிடிக்கும். ஆகவே முதல் டேங்கின் கணக்கை விட்டுவிட்டு அடுத்த மூன்று டேங்குகளை, முன்பு நிரப்பிய அதே பம்பில் நிரப்பி, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.