செம்பு உருக்காலையைத் தாளில் போடுவது எப்படி: கந்தகத்தில் தொடங்குங்கள்

திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் செம்புத் தாது இருப்பதை 1971இல் கண்டுபிடித்தார்கள். வெருகல் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடுகிற தூரம்தான், அதனால் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிற பிள்ளைகள் செயற்றிட்டத்துக்குச் "செம்பு உருக்காலை" என்று எழுதிக் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல தலைப்பு. ஆனால் உலைப் படத்தை முதலில் வரையாதீர்கள். கந்தகக் கணக்கைப் போடுங்கள்.

செறிவூட்டிய தாது ஒரு தொன் எடுங்கள். அதில் செம்பு 300 கிலோ, இரும்பு 280, கந்தகம் 300, மிச்சம் மணலும் மண்ணும் என்று வைத்துக்கொள்ளலாம். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்கோபைரைற்றுத் தாது கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். அந்தக் கந்தகம் முழுவதும் எரிந்தால் 600 கிலோ கந்தகவீரொட்சைட்டு, அதைப் பிடித்து மாற்றினால் 900 கிலோவுக்கு மேல் சல்பூரிக் அமிலம். அதாவது 1 கிலோ செம்புக்கு 3 கிலோ அமிலம். செம்பை எவனும் வாங்குவான், இவ்வளவு அமிலத்தை யார் வாங்குவது? இந்தோனேசியாவின் கிரெசிக் ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் செம்பு என்ற திட்டத்தோடு 1998இல் ஓடத் தொடங்கியபோது, பக்கத்திலேயே உரத் தொழிற்சாலை இருந்தது. நமக்கு எப்பாவலைப் பொஸ்பேற்றுப் பாறை இருக்கிறது, அமிலம் சேர்த்தால் சுப்பர் பொஸ்பேற்று, மட்டக்களப்பு அம்பாறை வயல்களுக்கு அது எப்போதும் வேண்டும். ஆகவே உங்கள் அறிக்கையில் உரத் தொழிற்சாலைக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள், அது இல்லாத அறிக்கையை நான் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது உலைகள். தாதை உருக்கினால் செம்பும் இரும்பும் கந்தகமும் கலந்த உருகிய கலவை வரும், அதற்கு மாட் (matte) என்று பெயர். பழைய முறையில் அதை வாளியில் எடுத்து, கிரேனில் தூக்கி, அடுத்த உலையில் ஊற்றுவார்கள். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் புகை வெளியே போகும். மிட்சுபிஷிக்காரர்கள் 1974இல் ஜப்பானின் நவோஷிமா தீவில் மூன்று உலைகளைச் சரிவான வாய்க்கால்களால் இணைத்துவிட்டார்கள். மேட்டு வயலில் இருந்து பள்ள வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி உருகிய உலோகம் தானாக இறங்கும், கிரேன் தேவையில்லை. உங்கள் படத்திலும் முதல் உலைதான் உயரத்தில் நிற்க வேண்டும்.

முதல் உலையில் மேலிருந்து இறங்கும் குழாய்கள் தாதையும் மணலையும் ஒட்சிசன் கூட்டிய காற்றோடு ஊதும். 1,230 முதல் 1,250 பாகை செல்சியஸ் வரை சூடு, 68 சதவீதச் செம்புள்ள மாட். நம் ஒரு தொன்னில் மாட் 440 கிலோ அளவில் வரும், கந்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே எரிந்துவிடும். இதற்கு மட்டும் ஏறக்குறைய 270 கிலோ ஒட்சிசன் வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மின்சார உலை, அங்கே மாட் அடியில் தங்கும், கசடு, அதாவது இரும்பும் மணலும் சேர்ந்த கழிவு, மேலே வழியும். கசட்டோடு போகிற செம்பு 0.6 - 0.7 சதவீதம்தான்.

மூன்றாவது உலையில்தான் மாட் செம்பாக மாறும். இதில் எல்லாரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் இங்கே மணல் போடக்கூடாது. அவ்வளவு ஒட்சிசன் ஊதுகிற இடத்தில் மணல் சேர்த்த கசட்டுக்குள் மக்னற்றைற்று என்கிற இரும்பு ஒட்சைட்டு திண்மமாகக் கட்டிவிடும், அதனால் சுண்ணாம்புக்கல் போடுகிறார்கள், அப்போதுதான் கசடு இளகி ஓடும். அந்தக் கசட்டில் 14 சதவீதம் போலச் செம்பு இருக்கும் என்பதால் நீரில் ஊற்றிக் குருணையாக்கி, உலர்த்தி, முதல் உலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வெளியே வருவது 98 சதவீதத்துக்கு மேற்பட்ட செம்பு. மின்பகுப்பு முடிந்த பிறகு 99.99.

இடம் தேர்வதில் காற்றைப் பாருங்கள். கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது புகை கடலுக்குப் போகும், சரி. வாடை வீசுகிற மாதங்களில் அதே புகை உள்நாட்டுக்குத் திரும்பும், பெரும்போக வேளாண்மை வயலில் நிற்பதும் அப்போதுதான். கப்பலுக்கு ஒலுவிலை எழுதாதீர்கள், துறைமுக வாயை மணல் மூடுகிற கதை நமக்குத் தெரியும். திருகோணமலையை எழுதுங்கள்.

ஓட்டும் முறைக்கு ஒரே விதிதான்: உள்ளே போவது மாறக்கூடாது. மாட்டை அடிக்கடி மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். 68ஐத் தாண்டினால் ஒட்சிசன் கூடிவிட்டது, குறையுங்கள், இல்லாவிட்டால் கசட்டோடு செம்பு போகும். குறைந்தால் மூன்றாவது உலைக்கு வேலை கூடி அங்கே சூடு ஏறும், அப்போது மின்பகுப்பில் தேய்ந்து மிஞ்சிய அனோட்டுச் செம்புத் துண்டுகளைப் போட்டுத் தணிக்கலாம். அப்புறம், புகையைப் பிடித்து அமிலமாக்குகிற ஆலை நின்றால் என்ன செய்வது என்று கட்டாயம் எழுதுங்கள்: உடனே தாதை நிறுத்தி, ஊதுகுழாய்களை உயர்த்தி, உலைகளையும் வாய்க்கால்களையும் எரிகருவிகளால் சூடாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வாய்க்காலில் உலோகம் ஒரு தடவை உறைந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.