வைஃபை மேல் பழி போடுவதற்கு முன்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர், தானே செய்த கையடக்கக் கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற, லினக்ஸ் ஓடும் சின்னஞ்சிறு கணினிப் பலகை. மூன்றரை அங்குலத் திரை, கட்டைவிரலால் தட்டும் விசைப்பலகை, பழைய பவர்பேங்கிலிருந்து கழற்றிய லித்தியம் செல். “வைஃபை போய்விட்டது சார், எந்த பேக்கேஜும் இறங்க மாட்டேன் என்கிறது” என்றார். பேக்கேஜ் என்றால் நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொட்டலம்.

இரண்டு நாள் போராடியிருக்கிறார். என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ரவுட்டரை மாற்றியிருக்கிறார். எங்கோ கிடைத்த டிரைவரை நிறுவப் பார்த்திருக்கிறார். பூட்டுக் கோப்பு ஒன்றை அழித்திருக்கிறார். போதாதென்று உபுண்டு என்ற வேறொரு லினக்ஸின் களஞ்சிய முகவரியையும், அதாவது அதன் பேக்கேஜ்கள் கிடைக்கும் இணைய இடத்தையும், பட்டியலில் சேர்த்திருக்கிறார்.

‘டேட்’ என்று தட்டச் சொன்னேன். திரையில் வந்த தேதி பத்தொன்பது நாள் பின்தங்கியிருந்தது.

“தேர்வு சமயத்தில் இழுப்பறையில் போட்டுவைத்திருந்தேன் சார்.”

வைஃபை எங்கும் போகவில்லை. கடிகாரம்தான் தூங்கிவிட்டது.

கடிகாரம் இல்லாத கணினி

மடிக்கணினியில் மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காப்பாற்றும் சின்ன பேட்டரி உண்டு. ஸீரோ வரிசைப் பலகைகளில் அது கிடையாது. கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்; பிறகு இணையத்தில் உள்ள நேர வழங்கியிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். வீட்டில் இது நடப்பதே நமக்குத் தெரியாது. விடுதி, அலுவலக வலைப்பின்னல்களில் நேரம் கேட்கும் வழி, அதாவது யுடிபி 123ஆம் போர்ட், அடைக்கப்பட்டிருப்பது உண்டு. அப்போது வைஃபை இணையும், பிங் அடித்தால் பதில் வரும், தேதி மட்டும் பழையதாகவே நிற்கும்.

பேக்கேஜ் இறக்கும் ஆப்ட், ஒவ்வொரு களஞ்சியப் பட்டியலிலும் போட்டிருக்கும் தேதியைப் பார்க்கும். பட்டியல் நாளைய தேதியில் இருப்பதுபோல் தோன்றினால் ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று சொல்லி ஒதுக்கிவிடும். இதில் ஆளைக் குழப்பும் விஷயம் ஒன்று இருக்கிறது. ராஸ்பெரி பை இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் முதன்மைக் களஞ்சியப் பட்டியல் அடிக்கடி மாறுவதில்லை. அதனால் அது பழைய தேதியிலும் தேறிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான பட்டியல் அடிக்கடி மாறும், அது தேறாது. திரையில் சில வரிகள் ஒழுங்காக ஓடி, சில வரிகள் முரண்டுபிடிப்பதைப் பார்ப்பவருக்கு ‘இணைப்பு விட்டுவிட்டு வருகிறது’ என்றுதான் தோன்றும். அந்த மாணவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பிழைச்செய்தியோ காரணத்தையும் சொல்லி, இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் கழித்துச் செல்லுபடியாகும் என்ற கணக்கையும் சொல்கிறது. சின்னத் திரையில் அந்த வரி மேலே ஓடிப்போய்விட்டது. பின்னால் உருட்டிப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை.

தேதியைக் கையால் அமைத்தால் அன்றைக்குப் பிழைத்துக்கொள்ளலாம். அடிக்கடி வெளியூர் கொண்டுபோகும் கருவி என்றால் டிஎஸ்3231 போன்ற கடிகாரச் சில்லு ஒன்றை, பலகை சிறு சில்லுகளோடு பேசும் ஐ2சி கம்பிகளில் இணைத்துவிடுவது நல்லது.

இதன் சித்தப்பா மகன் மாதிரி இன்னொரு கோளாறு இருக்கிறது. விடுதி, விமான நிலைய வைஃபையில் முதலில் ஒரு பக்கம் திறந்து தொலைபேசி எண்ணைக் கேட்கும் அல்லவா? நீங்கள் அதை நிரப்பாமல் ஆப்டை ஓட்டினால், பேக்கேஜ் பட்டியலுக்குப் பதில் அந்த உள்நுழைவுப் பக்கமே இறங்கும். பட்டியலில் இருக்க வேண்டிய மின்கையெழுத்தை ஆப்ட் தேடிப் பார்த்துவிட்டு, ‘இந்த வலைப்பின்னலுக்கு உள்நுழைவு தேவையா?’ என்று உங்களையே கேட்கும். பிழைச்செய்திகளில் இவ்வளவு கரிசனமானது அபூர்வம். அதையும் படிக்காமல் களஞ்சிய முகவரிகளை மாற்றத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள்.

காலாவதியான குறிப்புகள்

ராஸ்பெரி பை பற்றி இணையத்தில் கொட்டிக்கிடக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி எழுதிய நாளில் சரியானவை. 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் என்ற இயங்குதளப் பதிப்பு பல பழக்கங்களை மாற்றிவிட்டது. அதுவரை, மெமரி கார்டின் பூட் பகுதியில் ‘டபிள்யூபிஏ சப்ளிகன்ட்’ என்ற கோப்பில் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிப்போட்டால் கருவி தானே இணைந்துவிடும். புக்வார்மில் வைஃபை பொறுப்பு நெட்வொர்க் மேனேஜருக்குப் போய்விட்டது. பழைய கோப்பை எழுதிப்போட்டால் அது சும்மா கிடக்கும்; தவறு என்றுகூடச் சொல்லாது. கார்டை எழுதும்போதே இமேஜர் மென்பொருளில் வைஃபை விவரத்தைக் கொடுத்துவிட வேண்டும். கருவியிலேயே அமைப்பதென்றால் ‘என்எம்டியூஐ’ என்ற கட்டளை அம்புக்குறி விசைகளாலேயே வேலையை முடித்துவிடும்; கட்டைவிரல் விசைப்பலகைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

திரை அமைப்புக் கோப்பின் கதையும் அதேதான். பூட் அடைவில் இருந்த அந்தக் கோப்பு, புக்வார்மில் ஃபர்ம்வேர் என்ற உள் அடைவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. பழைய இடத்தில் ‘இங்கே திருத்தாதீர்கள்’ என்ற அறிவிப்புப் பலகை மட்டும்தான். சிறு திரைகளோடு தரப்படும் நிறுவல் நிரல்களில் பழையவை இதை அறியாமல், காலிசெய்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 2025-இல் ட்ரிக்ஸி பதிப்பும் வந்துவிட்டது. எந்தக் குறிப்பைப் பின்பற்றுவதானாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது, என் கருவியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டுக் கட்டளையைத் தட்டுங்கள்.

பைத்தான் நிரல்களை அதன் சொந்த நிறுவியான ‘பிப்’ மூலம் நிறுவும்போது புக்வார்ம் மறுக்கிறது என்று புலம்புபவர்களுக்கு இணையம் தரும் தீர்வு, கட்டளையின் வாலில் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று சேர்ப்பது. இயங்குதளத்தின் பேக்கேஜ்களை உடைத்துக்கொள் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது! அதே நிரல் ஆப்டில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இயங்குதளத்தைத் தொடாத தனி மெய்நிகர்ச் சூழலில் நிறுவுங்கள்.

வேறு ஊர்ச் சரக்கு

உபுண்டுவும் டெபியனும் ஒரே வடிவில் பேக்கேஜ் தருகின்றன என்பதால் ஒன்றின் சரக்கை மற்றதில் இறக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. உறை ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் நூலகப் பதிப்புகள் வேறு. ஒன்றை இழுத்தால் அது பத்தை இழுக்கும். கடைசியில் எதுவும் அசையாது. நம் மாணவர் தப்பித்தது அதிர்ஷ்டம். உபுண்டுவின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி அவர் கணினியில் இல்லாததால் ஆப்ட் அந்தக் களஞ்சியத்தை ஏற்கவில்லை. சாவியையும் தேடிச் சேர்க்கலாமா என்ற யோசனையில் இருந்தபோதுதான் என்னிடம் வந்தார்.

இதைவிட நுணுக்கமான பொறி சில்லின் தலைமுறை. 2017-இல் வந்த ஸீரோ டபிள்யூவில் இருப்பது ஏஆர்எம் 6ஆம் தலைமுறைச் செயலி. டெபியன் ‘ஆர்ம்எச்எஃப்’ என்ற பெயரில் தருவது 7ஆம் தலைமுறைக்குக் கட்டியது. ராஸ்பெரி பை தரும் 32 பிட் இயங்குதளமும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது; ஆனால் 6ஆம் தலைமுறைக்குத் தனியாகக் கட்டியது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. டெபியனின் பேக்கேஜை நேரடியாக எடுத்துப் போட்டால் தடங்கலின்றி நிறுவும். ஓட்டும்போது ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே வரியில் உயிரை விடும். 2021-இல் வந்த ஸீரோ 2 டபிள்யூவில் 64 பிட் செயலி இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நிறுவியிருப்பது 32 பிட்டா 64 பிட்டா என்பதை ‘யுனேம்’ கட்டளையிடம் கேட்காதீர்கள். அது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைப் பற்றித்தான் சொல்லும். ராஸ்பெரி பை 4-இல் 32 பிட் இயங்குதளத்தின் அடியில் 64 பிட் கெர்னல் ஓடுவது சகஜம். எந்த வகை பேக்கேஜ் வேண்டும் என்பதை, பேக்கேஜ்களை நிறுவும் நிரலான டிபிகேஜியிடம் கேட்பதே சரி.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 2002-இல் ஷார்ப் நிறுவனம் ஸாரஸ் எஸ்எல்-5500 என்ற லினக்ஸ் கையடக்கக் கணினியை விற்றது. 206 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 எம்பி நினைவகம், வைஃபைக்குக் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. ஷார்ப் தந்த இயங்குதளத்துக்கான ஐபிகே வடிவ பேக்கேஜை, ஆர்வலர்கள் உருவாக்கிய மாற்று இயங்குதளமான ஓப்பன் ஸாரஸில் திணித்துவிட்டுத் தவித்தவர்கள் அன்றும் உண்டு. பிரிஸம் சில்லு கொண்ட ஒரே வைஃபை அட்டைக்கு இரண்டு டிரைவர்கள் உரிமை கொண்டாடி, கடைசியில் எதுவுமே வேலை செய்யாமல் போவதும் உண்டு.

வைஃபைதான் உண்மையிலேயே குற்றவாளி என்றால்

குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் தொட்டி, மோட்டார், வால்வு என்று வரிசையாகத்தான் பார்ப்போம். இங்கும் அப்படியே. சில்லைக் கெர்னல் அடையாளம் கண்டதா, சில்லின் வானலைப் பகுதி தடைபட்டிருக்கிறதா, ரவுட்டர் கண்ணில் படுகிறதா, ஐபி முகவரி கிடைத்ததா, தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி தெரிகிறதா. இந்த வரிசையில் எங்கே அறுந்தது என்று தெரிவதற்கு முன் டிரைவரைத் தொடக்கூடாது.

புதிதாக நிறுவிய கருவியில் வைஃபை தடைபட்டிருந்தால் பெரும்பாலும் நாட்டின் குறியீடு கொடுக்காததுதான் காரணம். எந்த நாடு என்று தெரியாமல் எந்த அலைவரிசையில் பேசலாம் என்று அதற்குத் தெரியாது; அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கும். அவசரத்தில் அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்துவிடுபவர்கள் உண்டு. அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸில் 11ஆம் சேனல் வரைதான். இந்தியாவில் 13 வரை உண்டு. உங்கள் ரவுட்டர் 12இலோ 13இலோ உட்கார்ந்திருந்தால், பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியும். உங்களுடையது மட்டும் தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஸீரோ வரிசைக்குத் தெரியவே தெரியாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி வெளியே போகிறவர்கள் அது 2.4இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோன் என்றால் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்ற பொத்தானைப் போட்டால் இறங்கிவரும்.

யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியின் பெயரை நம்பக்கூடாது. டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் என்ற பிரபலமான மாடலில் முதல் பதிப்பில் ஏதெராஸ் சில்லு. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். பெயர் மாறவில்லை, தோற்றமும் ஏறக்குறைய அதேதான். எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் அடையாள எண்ணே உண்மை. கெர்னலோடு வராத டிரைவரை நீங்களே கட்டி ஓட்டினால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அது உதிர்ந்துவிடலாம். வைஃபை இல்லாமல் டிரைவர் இறங்காது, டிரைவர் இல்லாமல் வைஃபை வராது. இதற்காகவே யுஎஸ்பி கேபிள் வழியாகக் கைப்பேசி இணையத்தைப் பகிரும் வழியை முன்கூட்டியே பழகிவைத்திருக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வைஃபை தரவை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று உயரும். செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் பூஸ்ட் பலகை மட்டமானதாக இருந்து, அந்தக் கணத்தில் 5 வோல்ட்டைத் தாங்காமல் தொங்கினால் இணைப்பு அறுந்துவிடும், சில சமயம் கருவியே மறுபடி தொடங்கும். பெரிய பை பலகைகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் சின்னம் காட்டி எச்சரிக்கும். அதைக் கண்டறியும் சுற்று ஸீரோ வரிசையில் கிடையாது. ‘எச்சரிக்கை எதுவும் வரவில்லையே, மின்சாரம் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற வாதம் அங்கே செல்லாது. நல்ல சார்ஜரில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதுதான் சோதனை. உலோகப் பெட்டிக்குள் பலகையைப் பூட்டிவிட்டுச் சிக்னல் பலவீனம் என்று வருந்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆன்டெனா பலகையின் ஓரத்திலேயே இருக்கிறது, அதற்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

பூட்டை உடைக்காதீர்கள்

அந்த மாணவர் அழித்த பூட்டுக் கோப்புக்கு வருகிறேன். ‘பூட்டு வேறு நிரலிடம் இருக்கிறது’ என்று ஆப்ட் சொன்னால், பின்னணியில் வேறொன்று பேக்கேஜ் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 512 எம்பி நினைவகத்தில் அது மெதுவாகத்தான் முடியும். ஐந்து நிமிடம் பொறுத்தால் தானாக விலகும். கோப்பை அழித்தால் இரண்டு கைகள் ஒரே பேரேட்டில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கும். புதுப்பிப்பு நடுவில் மின்சாரம் போய் நின்றிருந்தால், டிபிகேஜிக்கு ‘கான்ஃபிகர்’ கட்டளை கொடுத்து விட்ட இடத்திலிருந்து முடிக்கவைக்க வேண்டும். அதற்கும் முன்னால் கார்டில் இடம் இருக்கிறதா என்று ‘டிஎஃப்’ போட்டுப் பாருங்கள்; நிறைந்த கார்டில் எந்த வைத்தியமும் பலிக்காது.

தேதியைத் திருத்தினோம். உபுண்டு முகவரியை நீக்கினோம். ‘ஆப்ட் அப்டேட்’ ஒரு முனகலும் இல்லாமல் ஓடி முடிந்தது. நூற்றுச்சொச்சம் பேக்கேஜ்கள் புதுப்பிக்கக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. மாணவரின் கட்டைவிரல் என்டர் விசைமேல் போனது.

“சார்ஜரைச் செருகிவிட்டு அழுத்துங்கள் தம்பி” என்றேன்.

“செல்லில் பாதிக்குமேல் இருக்கும் சார்.”

“இருக்கட்டும்.”

பையைத் துழாவினார். சார்ஜர் விடுதியிலேயே இருந்தது. என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன்.