நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்: சிறுநீரக நோயுள்ள பெரியவர்களுக்கு உடற்பயிற்சி

சிறுநீரகம் பழுது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துவிடுகிறோம். "அலட்டிக்கொள்ளாதீர்கள் அப்பா" என்று நானும்தான் சொன்னேன். ஆறு மாதத்தில் அவர் சோபாவிலிருந்து எழ என் கையைப் பிடிக்கத் தொடங்கினார்.

நாள்பட்ட சிறுநீரக நோயில் இரத்தத்தில் அமிலம் கூடுகிறது, பசி குறைகிறது, தசை கரைகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் வேகமாகக் கரையும். உடற்பயிற்சி செய்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) இறங்கும் என்று நான் ஆசை காட்டப் போவதில்லை. யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும். நம் இலக்கு அதுதான்.

படி 1: மருத்துவரிடம் கேளுங்கள்

இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், பொட்டாசியம் மூன்றும் எப்படி இருக்கின்றன, பயிற்சி செய்யலாமா என்று கேளுங்கள். நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத்திணறல், திடீரென்று கூடிய கால்வீக்கம் இருந்தால் அது சரியாகும்வரை தொடங்க வேண்டாம்.

படி 2: எண்ணிப் பாருங்கள்

கைப்பிடி இல்லாத, கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம். கவலை வேண்டாம், ஊன்றியே தொடங்குங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

படி 3: முதல் இரண்டு வாரம்

ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும். நாற்காலியில் எழுந்து உட்காருவது ஐந்து முறை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது எட்டு முறை. உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் எட்டு முறை. சற்று ஓய்வெடுத்து இன்னொரு சுற்று.

வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். மூச்சை அடக்கித் தம் கட்டினால் இரத்த அழுத்தம் குபீரென்று ஏறும். எண்ணிக்கொண்டே தம் கட்ட முடியாது. எழுந்தவுடன் நடக்கவும் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றும், பத்து எண்ணிவிட்டுக் காலெடுத்து வைக்கட்டும்.

படி 4: நடை

பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்று கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் 2024-இல் சொல்கிறது, உடல் தாங்கும் அளவுக்கு என்ற சலுகையோடு. அந்தச் சலுகை நம் பெரியவர்களுக்காகவே எழுதியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பயிற்சி முடிந்தபின்

பலரும் சறுக்குவது இங்கேதான். நடந்துவிட்டு வந்தவருக்கு அன்போடு இளநீர் வெட்டிக் கொடுப்போம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். தண்ணீரே போதும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவுக்குள்.

முழங்கால் வலித்தால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. இருக்கிற சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து மறுநாள் எண்ணிக்கையைக் குறையுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை எதிர்பாராமல் தாழலாம், ஏனெனில் நோயுற்ற சிறுநீரகம் இன்சுலினை மெதுவாகத்தான் அகற்றும். வெறும் வயிற்றில் நடக்க விடாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் கடும்பயிற்சி வேண்டாம். கிரியாட்டினின் தற்காலிகமாக ஏறி வீண் பீதி கிளப்பும்.

டயாலிசிஸ் செய்பவர்கள்

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் எடை தூக்குவதற்கு மருத்துவர் அனுமதி வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தமும் பார்க்கக் கூடாது. டயாலிசிஸ் முடிந்த கையோடு பயிற்சி வேண்டாம், இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும். சில மையங்களில் டயாலிசிஸ் நடக்கும்போதே படுக்கையில் பெடல் மிதிக்க வைப்பார்கள். அதை முதல் பாதி நேரத்தில் முடித்துவிடுவது நல்லது.

மாதம் ஒருமுறை அதே நாற்காலி, அதே 30 நொடி. அப்பா நான்கில் தொடங்கினார், இப்போது ஒன்பது. நாட்காட்டியில் அவரே எழுதிக்கொள்கிறார். சில மாதம் ஒன்று கூட்டியும் எழுதுகிறார்.