மியான்–சௌலா தொடர்வரிசையைக் கையால் அமைக்கும் முறை

1944இல் கணித அறிஞர்களான மியானும், அப்போது லாகூர் அரசுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சர்வதமன் சௌலாவும் வெளியிட்ட இந்தத் தொடர்வரிசைக்கு விதி ஒன்றுதான். 1இல் தொடங்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும், எந்த இரண்டு உறுப்புகளின் கூடுதலும் வேறோர் இணையின் கூடுதலோடு ஒத்துப்போகாதபடி, கிடைக்கும் மிகச்சிறிய எண்ணைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஓர் உறுப்பைத் தன்னோடு தானே கூட்டுவதும் இங்கே ஓர் இணைதான். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: 1, 2 ஆகியவற்றுக்குப் பின் 3ஐச் சேர்த்தால் 1+3, 2+2 இரண்டும் 4 ஆகிவிடுவதால் 3 விலகுகிறது, 4 நுழைகிறது.

கூடுதல்களை எழுதிப் பார்த்தால் பக்கம் விரைவில் நிரம்பிவிடும். அதற்கு மாறாக வித்தியாசங்களைக் குறித்துவருவதே நல்லது. கூடுதல்கள் எல்லாம் வெவ்வேறாக இருப்பதும் வித்தியாசங்கள் எல்லாம் வெவ்வேறாக இருப்பதும் ஒன்றேதான். கட்டம் போட்ட நோட்டில் 1 முதல் 150 வரை எழுதிக்கொண்டு, உறுப்புகளுக்கிடையே தோன்றும் ஒவ்வொரு வித்தியாசத்தையும் அடித்துவிடுங்கள். 1, 2, 4 வரை வந்ததும் 1, 2, 3 அடிபட்டிருக்கும். புதிய எண்ணைச் சோதிக்கும்போது, அதிலிருந்து பழைய உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்து, விடைகளில் ஏதேனும் முன்பே அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அந்த விடைகள் தமக்குள் ஒத்துப்போக வழியே இல்லை.

சோதனையை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் ஒரு சுருக்கவழி உண்டு. அடிபடாமல் மிஞ்சியிருக்கும் மிகச்சிறிய வித்தியாசத்தைக் கடைசி உறுப்போடு கூட்டுங்கள். அதற்குக் கீழே உள்ள எண் எதுவும் தேறாது. 4க்குப் பின் மிஞ்சியது 4, ஆகவே 8. பிறகு 5 மிஞ்சுகிறது, ஆகவே 13. இப்படியே 21, 31, 45 என ஒவ்வொன்றும் முதல் முயற்சியிலேயே தேறிவிடும். இந்த ஓட்டத்தைக் கண்டு சோதனையைக் கைவிடக் கூடாது என்பதை 45க்கு அடுத்த படி காட்டுகிறது.

இப்போது அடிபடாத மிகச்சிறிய வித்தியாசம் 15. எனவே 60ஐ எடுக்கிறோம். 60இலிருந்து 31ஐக் கழித்தால் 29. ஆனால் 31இலிருந்து 2ஐக் கழித்தபோதே 29 அடிபட்டுவிட்டது. கூடுதல்களைக் கொண்டு சொன்னால், 60+2, 31+31 இரண்டும் 62. 61 எடுத்தால் 30 மறுபடி வருகிறது. 62 முதல் 65 வரையிலான எண்கள், 45ஐக் கழித்ததுமே, ஏற்கெனவே அடிபட்ட 17, 18, 19, 20 ஆகியவற்றைத் தருகின்றன. 66 மட்டும் 21, 35, 45, 53, 58, 62, 64, 65 என எட்டுப் புதிய வித்தியாசங்களோடு தேறுகிறது. இந்த ஒரு படியை நீங்களே பென்சிலால் செய்து பாருங்கள். விதியின் முழு வலுவும் இதில் கைக்குப் புலப்படும். அடுத்து 81, 97, 123, 148 வந்தால் உங்கள் கணக்கு சரி.

எங்கேனும் எண் கிடைக்காமல் வரிசை நின்றுவிடுமோ என்ற ஐயம் வேண்டாம். ஒரு புதிய எண் விலக்கப்படுவதென்றால், அது பழைய உறுப்புகள் இரண்டின் கூடுதலிலிருந்து மூன்றாவதைக் கழித்து வருவதாகவோ, இரண்டின் கூடுதலில் பாதியாகவோ இருக்க வேண்டும். பாதியோ கடைசி உறுப்பைத் தாண்டாது. அத்தகைய எண்கள் எப்போதும் எண்ணிவிடக்கூடிய அளவே. ஆனால் உடனுக்குடன் சிறியதை எடுத்துக்கொள்ளும் இந்த முறை மிக நெருக்கமான அமைப்பைத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: முதல் நான்கு உறுப்புகளான 1, 2, 4, 8 ஆகியவை முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே 7 அலகு நீளத்தை எடுத்துக்கொள்ள, 1, 2, 5, 7 என்ற நான்கு எண்கள் அதே விதிக்கு உட்பட்டு 6 அலகிலேயே அடங்கிவிடுகின்றன.