ஊருக்குப் புறப்படுமுன் அம்மாவின் போனைப் பாருங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் ஊருக்குப் பேச அழைப்பு அட்டை வாங்கி எண்ணைச் சுரண்டிய காலத்தில் நிமிடக் கட்டணம்தான் கவலை. இன்று பேசுவது ஏறக்குறைய இலவசம். ஆனால் மோசடிக்காரர்களுக்காகப் போட்ட பூட்டு சில நேரம் பிள்ளையின் அழைப்பையும் நிறுத்திவிடுகிறது. அதனால் தமிழ்நாட்டுக்குப் புறப்படுமுன் முதல் வேலை சிங்கப்பூர் வீட்டில் இருப்பவரின் போனில்.

2020 முதல் வெளிநாட்டு அழைப்புகள் இங்கே + குறியோடு வருகின்றன. அவற்றை மொத்தமாகத் தடுக்கும் வசதியையும் தொலைபேசி நிறுவனங்கள் தருகின்றன. அம்மாவின் எண்ணில் அது போட்டிருந்தால், நீங்கள் திருச்சியில் வாங்கும் சிம்மிலிருந்து அழைத்தாலும் மணி அடிக்காது. வாட்ஸ்அப் அழைப்புக்கு இந்தத் தடை இல்லை. அங்கே வேறொரு பூட்டு உண்டு: பிரைவசி பகுதியில், தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் அடக்குவது. அது இருக்கட்டும், நல்லதுதான். சித்தப்பா போனிலிருந்து நீங்கள் அழைக்க நேரலாம் என்பதால் அவர் எண்ணை +91 சேர்த்து முன்பே பதிந்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் பேட்டரி அமைப்பில் வாட்ஸ்அப்புக்குக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் போன் செயலியை உறங்கவைத்துவிடும். அழைப்பு வந்ததே தெரியாது. திரையைப் பூட்டி, ஒரு மணி நேரம் தொடாமல் வைத்து, பிறகு அழைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் போன். *#06# அழுத்தி இஐடி (EID) எண் தெரிந்தால் இ-சிம் போடலாம், அதாவது அட்டை இல்லாமல் கியூஆர் குறியீட்டால் நிறுவும் சிம். வீட்டு வைஃபையிலேயே நிறுவுங்கள். பல கியூஆர் குறியீடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும், ஆகவே ஊரில் சிக்னல் இல்லை என்று அழித்துவிட்டு மறுபடி போட முயலாதீர்கள். சிங்கப்பூர் சிம் இயங்கட்டும், அதில் டேட்டா ரோமிங் மட்டும் அணைந்திருக்கட்டும். குறுஞ்செய்தி வரும், குரல் அழைப்பை எடுத்தால் ரோமிங் கட்டணம் ஏறலாம். புது சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்குக் காரில் போகும்போது நேரலை இருப்பிடம் பகிரலாம். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று தெரிவுகள். 8 மணியே சரி, 1 மணி பாதி வழியில் தீர்ந்துவிடும். சிக்னல் போனால் புள்ளி அசையாமல் நிற்கும் என்று முன்பே சொல்லிவையுங்கள், வீட்டில் பதற மாட்டார்கள். கிராமத்தில் இணையம் திணறினால் வீடியோவோடு போராடாமல் குரல் பதிவு அனுப்புங்கள், சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். இந்தியாவில் இரவு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30 என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வாட்ஸ்அப் எண் மாறப்போவதில்லை. ஆகவே “அம்மா, இது என் புது நம்பர், அவசரமாகப் பேநவ் பண்ணுங்க” என்று சிங்கப்பூரின் அந்தப் பணம் அனுப்பும் வசதி வழியே கேட்டுச் செய்தி வந்தால், பணம் அனுப்பாமல், பழைய எண்ணுக்கு வீடியோவில் அழைக்கச் சொல்லிவையுங்கள்.