கோடோவில் அடைமழை: நிரல் எழுதாமல் ஒரு செய்முறை

விளையாட்டில் மழை வேண்டும் என்றதும் எல்லோருடைய கையும் முதலில் துளிகளைத்தான் தேடிப் போகிறது. திரை நிறைய வெள்ளைக் கோடுகள் இறங்கும். பின்னால் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், மரத்தடியில் கூரான நிழல் விழும், சிமெண்டுத் தரை உலர்ந்து கிடக்கும். அதைக் கண் மழையாக ஏற்றுக்கொள்ளாது. மங்கிய வெளிச்சமும் நனைந்த தரையும் இருந்துவிட்டால், துளிகள் குறைவாக இருந்தாலும் மழை பெய்வது போலவே தோன்றும். எனவே இங்கே துளிகளை மூன்றாவதாகத்தான் தொடப்போகிறோம்.

விளையாட்டுகளை உருவாக்கும் கோடோ (Godot) எஞ்சினின் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், கட்டற்ற மென்பொருள். காட்சியைத் திரையில் வரையும் ரெண்டரராக ஃபார்வர்டு பிளஸ் இருக்கட்டும். கொஞ்சம் மேடு பள்ளமான தரை, ஒரு தகரக் கூரை, நடமாடும் ஒரு பாத்திரம் ஆகியவை உள்ள முப்பரிமாணக் காட்சி போதும்.

படி 1: வானத்தை மூடுங்கள்

சூரியனாக நிற்கும் டைரக்‌ஷனல் லைட்டின் எனர்ஜியை 1-இலிருந்து 0.3-க்கு இறக்குங்கள். ஷேடோ ஒப்பாசிட்டியை 0.2 ஆக்குங்கள். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் கூரான நிழல் இருக்காது. பிறகு வேர்ல்டு என்விரான்மென்ட்டில் வானத்தின் மேல் நிறத்தையும் அடிவான நிறத்தையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக்கி, ஃபாக்கை (மூடுபனியை) இயக்கி, அதன் நிறத்தையும் அதே சாம்பலாக வையுங்கள். அடர்த்தி 0.01-இல் தொடங்கட்டும். தொலைவில் உள்ள மரங்கள் வானத்தோடு கரையத் தொடங்கினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

படி 2: தரையை நனையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நனைந்த பரப்பில் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. மேலே படியும் நீர்ப்படலம் பரப்பை வழவழப்பாக்குவதால் பளபளப்பு கூடுகிறது. நுண்துளைகளுக்குள் புகும் நீர் ஒளியை உள்ளேயே பலமுறை சிதறவைப்பதால், கூடுதல் ஒளி உறிஞ்சப்பட்டு நிறம் கறுக்கிறது. முதலாவதை மட்டும் செய்தால் தரை பிளாஸ்டிக் போலாகிவிடும்.

சிமெண்டுத் தரையின் மெட்டீரியலை (பரப்பின் தோற்ற அமைப்பை) திறந்து, 0.9 அளவில் இருக்கும் ரஃப்னெஸ்ஸை (சொரசொரப்பை) 0.25 ஆக்குங்கள். ஆல்பிடோ எனப்படும் அடிப்படை நிறத்தை வெள்ளையிலிருந்து நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவாருங்கள். மண், செங்கல், மரம் ஆகியவற்றுக்கும் இதையே செய்யலாம். தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நுண்துளை இல்லை. அவற்றின் நிறத்தைத் தொடாதீர்கள், பளபளப்பை மட்டும் கூட்டுங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் தரைக்கு உலர்ந்த மெட்டீரியலையே விட்டுவையுங்கள். நனைந்ததற்கும் நனையாததற்கும் இடையே தெரியும் அந்த எல்லைக்கோடு காட்சிக்குப் பெரிய நம்பகத்தன்மையைத் தரும்.

தேங்கிய நீருக்கு எளிய வழி இருக்கிறது. பிளேன் மெஷ் (தட்டையான பரப்பு) ஒன்றைத் தரைக்குள் பாதி புதைத்துப் பள்ளங்களில் மட்டும் தலைகாட்டும்படி வையுங்கள். கரிய நிறம், 0.05 ரஃப்னெஸ். குட்டையின் கரையைத் தரையே வரைந்துவிடும். என்விரான்மென்ட்டில் ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனை இயக்கினால் சுற்றியுள்ளவை அதில் பிரதிபலிக்கும்.

படி 3: துளிகள்

துகள்களை உமிழும் ஜிபியு பார்ட்டிகிள்ஸ் 3டி முனை (node) ஒன்றைச் சேர்த்து, துகள்களின் நகர்வைத் தீர்மானிக்கும் பார்ட்டிகிள் பிராசஸ் மெட்டீரியலை அதற்குக் கொடுங்கள். எண்களை இயற்கையிடமிருந்தே எடுக்கலாம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. காற்றின் தடையால் அந்த வேகத்துக்கு மேல் அது கூடுவதில்லை. எனவே கிராவிட்டியைச் சுழியமாக்கி, திசையை (0, -1, 0), ஸ்பிரெட்டை (சிதறும் கோணத்தை) 2, தொடக்க வேகத்தை 6 முதல் 7 என வையுங்கள். கிராவிட்டியை -9.8-இலேயே விட்டுவிட்டால் துளிகள் தரையை நெருங்க நெருங்க வேகம் கூடி, மழை செயற்கையாகத் தெரியும்.

எமிஷன் வடிவம் பாக்ஸ், எக்ஸ்டென்ட்ஸ் (10, 0.5, 10). இது பாதியளவு என்பதால் 20 மீட்டர் சதுரப் பரப்பில் மழை பெய்யும். அமவுண்ட் (துளிகளின் எண்ணிக்கை) 3000, லைஃப்டைம் (ஒரு துளியின் ஆயுள்) 2 நொடி.

துளியின் உருவத்துக்கு, டிரா பாஸில் 0.01 அகலமும் 0.2 உயரமும் கொண்ட குவாட் மெஷ் (செவ்வகப் பரப்பு). ஏன் 0.2? கேமரா விநாடியில் முப்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால் அந்தத் துளி 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. படங்களில் நாம் காணும் மழைக்கோடு அந்த நகர்வுதான். மெட்டீரியலை அன்ஷேடட், டிரான்ஸ்பரன்சி ஆல்ஃபா எனத் தேர்ந்து, வெளிர்சாம்பல் நிறத்துக்கு 0.2 ஆல்ஃபா கொடுங்கள் (ஆல்ஃபா குறையக் குறைய ஒளி ஊடுருவும்). டிரான்ஸ்ஃபார்ம் அலைனில் ‘இசட் பில்போர்டு + ஒய் டு வெலாசிட்டி’யைத் தேர்ந்தால், காற்றுக்காகத் திசையை (0.3, -1, 0) என மாற்றும்போது கோடுகளும் சேர்ந்து சாயும்.

மழை பாத்திரத்தோடு கூடவே வர வேண்டும், ஆனால் பாத்திரம் திரும்பினால் மழை திரும்பக் கூடாது. பாத்திரத்துக்கு 10 மீட்டர் மேலே ரிமோட் டிரான்ஸ்ஃபார்ம் 3டி முனையை அதன் பிள்ளையாக வைத்து, மழை முனையை அதற்கு இலக்காகக் காட்டி, அப்டேட் ரொட்டேஷனை அணைத்துவிடுங்கள். மேலே கருவிப்பட்டையிலிருந்து விசிபிலிட்டி ஏஏபிபியையும் (மழையைச் சுற்றி அமையும் எல்லைப் பெட்டி) உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி சிறியதாக இருந்தால், சில கோணங்களில் மழை முழுவதும் சட்டென மறைந்துபோகும்.

படி 4: கூரைக்குள் பெய்யாத மழை

துகள்கள் மோதி நிற்கும் பரப்பை அமைக்கும் ஜிபியு பார்ட்டிகிள்ஸ் கொலிஷன் ஹைட்ஃபீல்டு 3டி (HeightField) முனையைச் சேர்த்து, அளவை (30, 20, 30) ஆக்கி, ஃபாலோ கேமராவை இயக்குங்கள். துளியின் பிராசஸ் மெட்டீரியலில் கொலிஷனை ‘ஹைட் ஆன் கான்டாக்ட்’ (Hide On Contact, மோதியதும் மறை) ஆக்குங்கள். இனித் துளிகள் தகரத்தின்மேல் முடிந்துவிடும். தெறிப்பும் வேண்டுமானால் இன்னொரு சிறு பார்ட்டிகிள் முனையைச் சப் எமிட்டராக இணைத்து, அதன் முறையை ‘அட் கொலிஷன்’ ஆக்குங்கள். 0.2 நொடி ஆயுள் போதும். தெறிப்புக்குக் கிராவிட்டி -9.8-ஆகவே இருக்க வேண்டும்.

படி 5: ஒலி, மின்னல்

பொதுவான இரைச்சலுக்கு ஓர் ஆடியோ பிளேயர்; தகரக் கூரைக்கென ஓர் ஆடியோ ஸ்ட்ரீம் பிளேயர் 3டி. கூரையை நெருங்க நெருங்கத் தகரச் சத்தம் எழும்ப வேண்டும். மின்னலுக்கு அனிமேஷன் பிளேயரில் விளக்கின் எனர்ஜியை அரை நொடிக்குள் இரண்டு மூன்று முறை துடிக்கவிடுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி ஆகும்; இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்த மின்னலுக்கு 6 நொடி கழித்து இடி கேட்கட்டும்.

படி 6: மழை பிடிப்பதும் விடுவதும்

அதே அனிமேஷன் பிளேயரில் முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள், பிறகு அமவுண்ட் ரேஷியோவை (மொத்தத் துளிகளில் விழும் பங்கை) 0-இலிருந்து 1-க்கு ஏற்றுங்கள்: தூறல் மெல்ல அடைமழையாகும். இதற்கு அமவுண்ட்டை மாற்றாதீர்கள். மாற்றினால் துளிகள் எல்லாம் மறைந்து தொடக்கத்திலிருந்து விழும். தரையின் ரஃப்னெஸ் அதற்குப் பின்னால் அரை நிமிடமாவது எடுத்துக்கொண்டு இறங்கட்டும். மழை விட்டதும் பளபளப்பு முதலில் போகும். நுண்துளைகளில் தங்கிய நீரால் கறுப்பு நிறம் அதற்குப் பிறகும் நெடுநேரம் நிற்கும். இரண்டுக்கும் அனிமேஷன் பிளேயரில் தனித்தனித் தடம் (track) போடுங்கள்.

பழைய கணினியில் ஓட்டம் திணறினால் தெறிப்பை நீக்கிவிட்டு, அமவுண்ட்டை 800 வரை குறைத்துப் பாருங்கள். முதல் இரண்டு படிகளில் கை வைக்க வேண்டியிருக்காது.